தாழம்புதர் நண்பன்

சருகுமான் மருதிக்கு ஒரே ஒரு குட்டி. பெயர் பொட்டு. பலாக்கொட்டைக்குக் கால் முளைத்தது போல அத்தனை சின்னவள்.

அவர்கள் காட்டில் ஒரு பெரிய புற்று இருந்தது. அதன் அடியில் பெருச்சாளி தோண்டிய வளைகள் எல்லாத் திசைக்கும் ஓடின. இந்தத் துளையில் வாய் வைத்துப் பேசினால் ஆற்றங்கரையில் கேட்கும்! குட்டிகளுக்குச் சொல்லவா வேண்டும்? விடிந்தால் புற்றடிதான். பாட்டும் விடுகதையும் சிரிப்பும்தான்.

ஒருநாள் முயல்குட்டி அழுதுகொண்டே ஓடி வந்தாள். "வளைக்குள்ள யாரோ என்னை மிரட்டுறாங்க!" என்றாள். காடே கூடிவிட்டது.

"புற்றை இடிச்சுத் தள்ளுவோம்!" என்றது கரடி.

"ஐயையோ, வெள்ளம் வர்ற சேதியே அது வழியாத்தானே வருது! குட்டிங்க வேண்டாம், கொம்பு முளைச்ச பெரியவங்க மட்டும் வரலாம்னு சட்டம் போடுவோம்" என்றது மயில்.

மறுநாளே குட்டிகள் தலையில் சுள்ளியைச் செருகிக்கொண்டு வந்து நின்றன. சட்டம் போட்ட மயிலுக்குத்தான் கொம்பில்லை. பாவம், அது வெளியே நின்றது!

"நீயாவது கவனிக்கக் கூடாதா?" என்று பெருச்சாளியைக் கேட்டார்கள்.

"குழி தோண்டினதோட என் வேலை முடிஞ்சுது. உள்ள யார் பேசினா எனக்கென்ன?" என்றது பெருச்சாளி. சொல்லிவிட்டு, குட்டிகள் கொண்டு வந்து போட்ட கிழங்கைக் கடித்தது. வெட்கங்கெட்ட ஜென்மம்!

கரடிக்குப் பொறுமை போனது. "முயல்குட்டி இனிமே புற்றுப் பக்கம் வரக் கூடாது! அங்க போனதாலதானே இந்த வம்பு?" என்று தீர்ப்புச் சொன்னது. எல்லோரும் தலையாட்டினார்கள். மருதியும்தான் ஆட்டினாள். முயல்குட்டி அழுதபடி தனியே நடந்து போனாள். சொன்னவளுக்கே தண்டனை! இது என்ன நியாயமோ!

கொஞ்ச நாளில் பொட்டு சரியாகத் தின்பதை விட்டாள். இலை அசைந்தாலும் திடுக்கிட்டாள்.

"என்னடி கண்ணு, உடம்புக்கு என்ன?" என்று மருதி கேட்டாள்.

"ஒண்ணுமில்லம்மா."

"புற்றில யார்கிட்டடி பேசுறே?"

"யார்கிட்டயும் இல்லை! நான் எதுவும் சொல்லலை. என்னைப் போக வேண்டாம்னு சொல்லிடாதே!"

மருதிக்குச் சுரீரென்று கோபம் வந்தது. திட்டத்தான் வாயைத் திறந்தாள். அதற்குள் முயல்குட்டி அழுதுகொண்டு போனது கண்ணில் வந்து நின்றது. பொட்டுவின் பக்கத்தில் படுத்து அவள் நெற்றியை நக்கிக் கொடுத்தாள்.

"அன்னிக்கு நானும் தலையாட்டினேனே, அது தப்புடி. நீ என்ன சொன்னாலும் திட்ட மாட்டேன். உன்னை ஒதுக்கி வைக்கவும் விட மாட்டேன்."

பொட்டு பொலபொலவென்று அழுதாள். "ஒரு நண்பன் இருக்கான்மா. அவனும் சின்னவனாம், உடம்பெல்லாம் புள்ளியாம். இன்னிக்குச் சாயங்காலம் தாழம்புதருக்குத் தனியா வரச் சொல்றான். வரலேன்னா, நான் சொன்ன ரகசியத்தை எல்லாம் ஊர் முழுக்கச் சொல்லிடுவானாம். எனக்குப் போகவே பிடிக்கலைம்மா!"

மருதி துள்ளி எழுந்தாள். காலால் தரையைத் தடதடவென்று தட்டினாள். ஆபத்து என்றால் சருகுமான் அப்படித்தான் தட்டும். கரடி ஓடி வந்தது. விஷயத்தைக் கேட்டதும் நேரே போய்த் தாழம்புதரை விலக்கியது.

உடம்பெல்லாம் புள்ளிதான், அது மட்டும் பொய்யில்லை. வளையின் வாயருகே சுருண்டு கிடந்தது ஒரு மலைப்பாம்பு! கரடி போட்ட உறுமலில் அது ஆற்றைத் தாண்டி ஓடியே போனது.

"பார்த்தீங்களா கரடியண்ணே? வாயைத் திறந்து சொன்னதால என் பிள்ளை பிழைச்சா! முயல்குட்டியைக் கூப்பிடுங்க!" என்றாள் மருதி.

கரடி தலையைச் சொறிந்தது. பிறகு தானே போய் முயல்குட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு வந்தது. வந்த வேகத்தில் பெருச்சாளியைப் பிடித்தது.

"கிழங்கு உனக்குன்னா காவலும் உனக்குத்தான்! பாம்பு தலை நுழையாதபடி வளையைக் குறுக்கு. யார் பேச வந்தாலும் முகத்தைப் பார்த்துட்டு விடு!"

பெருச்சாளி முணுமுணுத்தபடி மண்ணை அள்ளியது.

மறுநாள் பொட்டு புற்றிலிருந்து மூச்சிரைக்க ஓடி வந்தாள். "அம்மா, இன்னிக்கு என்ன நடந்துது தெரியுமா?"

மருதி மேய்வதை விட்டுவிட்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "சொல்லுடி தங்கம்" என்றாள்.

ஆபத்தைச் சொல்ல வந்த பிள்ளையைத் தண்டித்தால் அடுத்த பிள்ளை வாய் திறக்காது. பிள்ளைகளைக் காக்க நினைப்பவர்கள் முதலில் அவர்கள் பயமில்லாமல் பேச இடம் கொடுக்க வேண்டும்.