கடலுக்குள் இருந்த பள்ளிக்கூடம்

நண்டுமேடு வேதரத்தினம் வாத்தியாருக்கு உலகத்தில் ஒரே ஒரு பயம்தான்: மாற்றல். அவர் பாடம் எடுக்கிற லட்சணத்தைப் பார்க்க அதிகாரி வருகிறாராம், திருப்தி இல்லையென்றால் மலைமேல் இருக்கிற ஒரு பள்ளிக்கூடத்துக்குத் தூக்கியடிப்பாராம். வாத்தியாருக்கு மலை ஆகாது. நாற்காலிமேல் ஏறினாலே தலை சுற்றும்.

ஆகவே, கடற்கரைப் பாடத்தைக் கண்ணிலேயே காட்டிவிடுவது என்று முடிவுகட்டி, பெருமாள் கோயில் வாசலில் தெருவுக்குக் குறுக்கே சுண்ணாம்பால் ஒரு கோடு கிழித்தார்.

"சோழர் காலத்துல கரை இதுதான். அந்தப் பக்கம் பூரா கடல். ஆறு வண்டலைக் கொட்டிக் கொட்டி, கடல் பின்வாங்கிப் போச்சு. நாளைக்கு அதிகாரி வர்றப்ப நீங்க சோழர் காலத்துலயே இருக்கணும். புரிஞ்சுதா?"

பள்ளிக்கூடத்தின் மொத்தப் பிள்ளைகளான அஞ்சப்பன், உத்திராபதி, செங்கமலம் மூவரும் தலையாட்டினார்கள். சொன்ன சொல் தட்டாத பிள்ளைகள்.

மறுநாள் அதிகாரி வந்து உட்கார்ந்தார். வகுப்பில் ஈ காக்கை இல்லை. பிள்ளைகள் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தார்கள். பள்ளிக்கூடமோ அந்தப் பக்கம்.

"ஐயோ, சாரும் அந்தப் பெரியவரும் கடலுக்குள்ள கிடக்காங்களே!" என்றாள் செங்கமலம்.

"வாய் அசையுது. பேசுறாங்களோ?" என்றான் உத்திராபதி.

"தண்ணி குடிக்கிறாங்கடா. அந்த ஆளு தொப்பையைப் பாரு, எம்புட்டு குடிச்சிருக்காரு!" என்றான் அஞ்சப்பன்.

"கூப்பிட்டுப் பாப்பமா?"

"தண்ணிக்குள்ள காது கேக்குமாடா, மடையா?" என்ற அஞ்சப்பன், ஓடிப்போய்த் தன் அப்பாவின் வலையைத் தூக்கிவந்தான்.

வலை இறக்குமுன் சூடம் கொளுத்திக் கும்பிடுவது ஊர் வழக்கம். ஆள் மூழ்குகிற அவசரத்திலும் அதை அவர்கள் விடவில்லை. அப்புறம் மூவரும் புழுதியில் குப்புற விழுந்து நீச்சலடித்தார்கள். செங்கமலம் அடிக்கடி தலைதூக்கி மூச்சு வாங்கிக்கொண்டாள். எதிரே ஒரு மாடு போயிற்று.

"மாடு நம்மளைவிட நல்லா நீந்துதுடா," என்றான் உத்திராபதி பொறாமையாக.

வலை விழுந்தது. அதிகாரி, வாத்தியார், நாற்காலி எல்லாம் ஒன்றாகச் சிக்கின. தெருவோடு இழுத்துவந்து கரையில் போட்டார்கள். அதிகாரியின் முழங்கை விலாவில் இடித்தபோதும் வாத்தியாருக்குப் பெருமை தாங்கவில்லை. பாடம் மண்டையில் ஏறியிருக்கிறதே!

உத்திராபதி அதிகாரியைக் குப்புறப் புரட்டி முதுகில் ஏறி மிதித்தான். காலையில் குடித்த இளநீர் மொத்தமும் வெளியே வந்தது.

"நான் சொல்லல? தண்ணி!" என்றான் அஞ்சப்பன்.

அதிகாரி எழுந்தார். "யோவ் வாத்தியாரே! இன்னைக்கே உம்மை மலைக்கு மாத்துறேன். இரும், பேனா உள்ளே இருக்கு, எடுத்துட்டு வர்றேன்!" என்று கோட்டைத் தாண்டக் காலைத் தூக்கினார்.

"ஐயா, ஆழம்!" என்று மூவரும் அலறினார்கள்.

தூக்கிய கால் அப்படியே நின்றது. "எவ்வளவு ஆழம்?"

"கப்பல் போன இடங்கய்யா," என்றார் வாத்தியார் பணிவாக.

அதிகாரி காலை மெல்லப் பின்னால் வைத்தார். "எனக்கு நீச்சல் தெரியாதேய்யா. எப்ப வடியும்?"

வாத்தியார் விரல் மடக்கிக் கணக்குப் போட்டார். "வண்டல் ஒழுங்கா சேர்ந்தா, ஒரு எண்ணூறு வருஷத்துல நடந்தே போயிடலாங்கய்யா."

அதிகாரி கடலை வெகுநேரம் பார்த்தார். பிறகு கோயில் படியில் துண்டை விரித்து உட்கார்ந்தார்.

"அப்ப மதியச் சாப்பாட்டுக்குச் சொல்லிடும். மீன் மட்டும் வேணாம். இவ்வளவு நேரம் அதுங்களோடதானே இருந்தேன், மனசு கேக்காது."