ராஜாவின் இரண்டு கன்னங்கள்

முன்னொரு காலத்தில், எந்த நாடு என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள், எனக்கே தெரியாது, வீரகேது என்று ஒரு ராஜா இருந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் ஏதாவது ஒன்று தலைக்கு ஏறிவிட்டால் லேசில் இறங்காது. ஒரு நாள் அவர் கண்ணாடி முன்னால் நின்று மீசையை முறுக்கிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் நின்ற கனகசபைப் புலவர், "மகாராஜா! தங்கள் திருமுகத்தின் வலப்பக்கமும் இடப்பக்கமும் இம்மியும் பிசகாமல் ஒத்திருக்கின்றனவே!" என்று ஒரு போடு போட்டார். ராஜாவின் இடது கன்னத்தில் காதிலிருந்து மீசை வரைக்கும் ஒரு வெட்டுத் தழும்பு உண்டு. அது புலவர் கண்ணுக்குத் தெரியவில்லையாம். அரண்மனைச் சம்பளம் வாங்குகிற கண்ணல்லவா!

ராஜாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "இனி என் ராஜ்யத்தில் எல்லாமே இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும்" என்று உத்தரவு போட்டுவிட்டார். அவ்வளவுதான், ஊர் பட்ட பாடு! ஒற்றை மூக்குத்தி போட்ட பெண்களெல்லாம் மறுபக்கமும் குத்திக்கொண்டார்கள். பக்க வகிடு எடுத்தவனைக் காவலர்கள் தெருவிலேயே பிடித்து உட்காரவைத்து நடு வகிடு எடுத்து அனுப்பினார்கள். அரண்மனைப் பள்ளிக்கூடத்தில் சமச்சீர் என்று புதிதாக ஒரு பாடமும் வந்தது. வாத்தியார் வேறு யார், நம்ம புலவர்தான்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் மலைக்கு அப்பாலிருந்து வந்த பிள்ளைகள் சிலர் இருந்தார்கள். ராஜா கட்டுகிற புதுக் கோயிலில் கல் கொத்த வந்தவர்களின் பிள்ளைகள். நம் பாஷை அவர்களுக்குச் சுத்தமாகத் தெரியாது. புலவர் அவர்கள் எதிரே நின்று, "நடுக்கோட்டின் இருமருங்கும் உறுப்புகள் ஒத்து அமைதலே சமச்சீர்!" என்று தொண்டை கிழியக் கத்தினார். பிள்ளைகள் அவருடைய ஆடுகிற குடுமியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். புலவருக்கு வந்ததே கோபம்! நேரே ராஜாவிடம் போய், "மகாராஜா, இவர்கள் மண்டையில் ஒன்றும் ஏறாது. பெற்றவர்கள் இங்கே வேலையை முடிக்கட்டும், பிள்ளைகளை மலைக்கு அப்பால் திருப்பி அனுப்பிவிடலாம்" என்றார்.

அம்மாவை விட்டுவிட்டு அந்தக் குஞ்சுகள் அங்கே யாரிடம் போய் நிற்கும்? அரண்மனை விகடன் மருதக்குட்டிக்கு மனசு கேட்கவில்லை.

"மகாராஜா, அவர்களை என்னிடம் ஒப்படையுங்கள். வருகிற பௌர்ணமியன்று சபையில் சோதித்துப் பாருங்கள். தேறாவிட்டால் அவர்களோடு என்னையும் அனுப்பிவிடுங்கள்" என்றான்.

புலவர் மீசைக்குள் சிரித்துக்கொண்டார். இந்த விகடன் தொலைந்தால் போதும் என்று எத்தனை காலமாகக் காத்திருக்கிறார்!

மருதக்குட்டி பாடம் எதுவும் நடத்தவில்லை. துணியும் சாயக் கிண்ணங்களும் வாங்கி வந்தான். துணியின் ஒரு பாதியில் மட்டும் பிள்ளைகளை இஷ்டம்போலத் தீற்றச் சொல்லிக் கை காட்டினான். சாயம் காய்வதற்குள் துணியை நடுவில் மடித்து, மேலே தடவி, பிரித்தான். அட! அந்தப் பாதியிலும் அதே படம். ஒற்றை இறக்கை போட்ட இடத்தில் முழு வண்ணத்துப்பூச்சி! இரண்டு பக்கத்தையும் தொட்டுக் காட்டி, "ஒரே மாதிரி" என்றான். பிறகு ஒரு பக்கத்தில் மட்டும் பொட்டு வைத்து, "வேற வேற" என்றான். பிள்ளைகளுக்குப் பிடித்துக்கொண்டது. துல்கி என்ற வாயாடிப் பெண்ணோ, கண்ணில் பட்ட செருப்பு, இலை, யானை எல்லாவற்றையும் காட்டி இந்த இரண்டு வார்த்தையையும் சொல்லிச் சொல்லி அரண்மனையையே ஒரு வழி பண்ணிவிட்டாள்.

பௌர்ணமியும் வந்தது. சபையில் புலவர் பூவைக் காட்டினார், விளக்கைக் காட்டினார். துல்கி டக்கு டக்கென்று சரியாகச் சொன்னாள். புலவர் முகம் சுருங்கியது. சட்டென்று ராஜாவையே காட்டி, "நம் மகாராஜாவின் திருமுகம்?" என்றார்.

ஒரே மாதிரி என்றால் பிள்ளை பாடம் கற்கவில்லை. வேற வேற என்றால் ராஜ நிந்தனை! எப்படிப்பட்ட பொறி பாருங்கள்.

துல்கி ராஜாவை உற்றுப் பார்த்தாள். "வேற வேற" என்றாள்.

ராஜாவின் முகம் சிவந்தது. "என்ன துணிச்சல்!" என்று புலவர் துள்ளினார்.

மருதக்குட்டி நிதானமாக எழுந்தான். "மகாராஜா, வேறாக இருப்பதை ஒரே மாதிரி ஆக்க வேண்டும் என்பது தங்கள் கட்டளை. இதோ, இப்போதே நிறைவேற்றுகிறோம்" என்றான்.

அவன் கண்ணைக் காட்ட, பிள்ளைகள் துணியை விரித்து ராஜாவின் வலது பாதி முகத்தை மட்டும் தீட்டினார்கள். மடித்தார்கள், தடவினார்கள், பிரித்தார்கள். வழுவழுவென்று இரண்டு கன்னம், தழும்பே இல்லை. ராஜா வாயெல்லாம் பல்லாகப் பார்த்தார்.

மருதக்குட்டி வாசலில் நின்ற காவல் தலைவர் சடையப்பரை உள்ளே கூப்பிட்டு, "ஐயா, இவர் கோட்டை வாசலுக்கு வந்தால் உள்ளே விடுவீர்களா?" என்று படத்தைக் காட்டினான்.

"யார் இவர்? முன்பின் தெரியாதவரை எப்படி விடுவது?"

"நம் மகாராஜாதான், ஐயா."

"விளையாடாதே, மருதக்குட்டி!" சடையப்பர் தம் கழுத்தைத் தொட்டுக் காட்டினார். "அன்று கோட்டை வாசலில் என் கழுத்துக்கு வந்த வாளைத் தம் கன்னத்தில் வாங்கியவர் மகாராஜா. அந்தத் தழும்பு இல்லாதவரை நான் எப்படி மகாராஜா என்று சொல்வேன்?"

ராஜாவின் கை தானாக இடது கன்னத்தைத் தடவியது. கண் கலங்கியது. அப்புறம் அடக்க மாட்டாமல் சிரித்தார், தூண்கள் அதிரச் சிரித்தார்.

"என் கட்டளைப்படி நடந்தால் என் வீட்டுக்குள் நானே நுழைய முடியாது போலிருக்கிறதே! கட்டளை ரத்து. பிள்ளைகள் பெற்றவர்களோடு இங்கேயே இருக்கட்டும். புலவரே, நீர் நாளை முதல் இவர்களுடைய பாஷையைக் கற்றுக்கொள்ளும். துல்கிதான் உமக்கு வாத்தியார்."

பிறகு தம் வலது கையில் இருந்த தங்கக் காப்பைக் கழற்றி மருதக்குட்டியின் வலது கையில் மாட்டினார். அவன் கும்பிட்டான். துல்கி மட்டும் அவனுடைய வெறும் இடது கையைக் காட்டி, சபை முழுக்கக் கேட்கும்படி உரக்கச் சொன்னாள்:

"வேற வேற!"

ராஜா சிரித்துக்கொண்டே தம் இடது கைக் காப்பையும் கழற்றினார்.