அணுகுண்டும் இரண்டு கனவுகளும்

ஒரு நாட்டு அதிபருக்குப் பக்கத்து நாட்டின் மேல் அணுகுண்டு போட ஆசை. அங்கே இருப்பவர்கள் அரக்கர்கள் என்று வானொலி ஓயாமல் சொன்னது. "கடவுளே என் கனவில் வந்து குண்டு போடச் சொன்னார். மறுப்பவனுக்கு நரகம்தான்" என்றார் அதிபரின் சாமியார்.

விசையை அழுத்த வேண்டியவன் சிப்பாய் மாசிலாமணி.

"அழுத்துடா!" என்றார் அதிபர்.

மாசிலாமணி சொன்னான்: "மாட்டேன் ஐயா. கடவுள் என் கனவிலும் வந்தார். வேண்டாம் என்றார்."

சாமியார் கொதித்தார். "கண்ட கனவை நம்பிப் போரை நிறுத்துவதா?"

"நிறுத்தவே கனவு போதாது என்றால், தொடங்க எப்படிப் போதும் சாமி?"

அங்கே நின்ற தளபதிகள் எல்லோரும் சாமியாரைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு அவர்களில் ஒருவரும் விசைப் பக்கம் போகவில்லை.

போர் நின்றது. மாசிலாமணிக்கு வேலை போயிற்று. அன்று மாலை அரக்கர் நாட்டில் பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வீட்டுக்குப் போனார்கள்.