கறிவேப்பிலை தன் விலையை விட்ட கதை

அந்தக் காலத்தில் காய்க்கும் கீரைக்கும் வாய் இருந்தது. சந்தையில் கடைக்காரருக்குத் தராசு பிடிக்கிற வேலை மட்டும்தான்; விலையை அவை அவையே சொல்லிக்கொள்ளும். ஒரு தடவை சொன்னால் அதுதான் ஊருக்கெல்லாம் விலை. ஆளுக்கொரு விலை சொல்லக் கூடாது. விலையே வேண்டாமென்று விட்டால் பேச்சும் அதோடு போய்விடும். சந்தை வழக்கம் அப்படி.

எல்லாவற்றிலும் ராங்கி பிடித்தது கறிவேப்பிலைதான். ஒரு கொத்துக்கு ஒரு படி கேழ்வரகு கேட்கும். பூசணிக்காயே அவ்வளவு கேட்காது.

மழை பொய்த்து மூன்றாவது வருஷம். வெள்ளத்தாயிக்குப் பெயரில்தான் வெள்ளம்; கிணற்றில் சேறுகூட இல்லை. ஆனாலும் அவள் அடுப்பு ஒரு நாளும் அணைந்ததில்லை. ஒரே புளியை மூன்று தடவை கரைப்பாள். கத்தரிக்காய்க் காம்பையும் குழம்பில் போடுவாள். தானியம் கழுவிய தண்ணீரைக் கீழே கொட்ட மாட்டாள், குழம்புக்கு அதுதான். சந்தைக்கும் ஊரே வாங்கிப் போன பிறகு, கடை கட்டுகிற நேரம் பார்த்துத்தான் போவாள். வாடின காய் ஊருக்கே விலையை இறக்கிச் சொல்லிவிடும் அல்லவா!

இத்தனை சாமர்த்தியமும் மருமகள் சடச்சியின் மசக்கையிடம் பலிக்கவில்லை. கூழைக் கண்டாலே ஓங்கரித்தாள். மூன்று நாளாகப் பச்சைத் தண்ணீரைத் தவிர எதுவும் வயிற்றில் தங்கவில்லை. மாமியார் மெச்சிய மருமகள் இல்லை என்பார்கள். வெள்ளத்தாயி அந்தப் பழமொழியைக் கேட்டதே இல்லை போலிருக்கிறது. இந்தப் பெண் என்றால் அவளுக்கு உயிர்.

"என்ன குடுத்தா இறங்கும், சொல்லு தாயி. ரெண்டு உசுரு கிடக்குல்ல?"

சடச்சி சொல்லக் கூச்சப்பட்டாள். "கறிவேப்பிலை தாளிச்ச வாசம் வந்தா ரெண்டு வாய் குடிச்சுருவேன் அத்தே. விடுங்க, அதுக்கு எங்கிட்டுப் போக?"

பானையைக் கவிழ்த்துத் தட்டியதில் ஒரு கைப்பிடி கேழ்வரகு விழுந்தது. அதை மடியில் முடிந்துகொண்டு வெள்ளத்தாயி சந்தைக்கு நடந்தாள்.

மாடக்கண்ணு கடையில் அந்தக் கைப்பிடிக்கு இரண்டு சொத்தைக் கத்தரிக்காய் கிடைத்தது. வாங்கிப் பையில் போட்டவள் நகராமல் கறிவேப்பிலைக் கூடைக்கு முன்னால் நின்றாள்.

"ஒரு படி" என்றது கறிவேப்பிலை, அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல்.

"எங்கிட்ட இல்ல சாமி."

"அப்புறம் ஏன் நிக்கிற?"

வெள்ளத்தாயி முந்தானையை எடுத்துக் கூடையின் ஓரமாக, இலையில் படாமல் விரித்துப் பிடித்தாள். "ஒண்ணும் எடுக்க மாட்டேன். உன் வாசம் இந்தச் சீலையில கொஞ்சம் ஏறட்டும். அப்படியே பொத்திக்கிட்டு ஓடிப்போயி எம் மருமக மூக்குல காட்டுறேன். மூணு நாளா பட்டினிய்யா, புள்ளத்தாச்சி."

தன்னைப் பேரம் பேசியவர்களைக் கறிவேப்பிலை பார்த்திருக்கிறது, திட்டியவர்களைப் பார்த்திருக்கிறது. இலை கசங்கிவிடக் கூடாதே என்று முந்தானையைப் பிடித்து நின்றவளை இப்போதுதான் பார்க்கிறது. வெட்கமாகப் போய்விட்டது அதற்கு.

"மாடக்கண்ணு, ஒரு கொத்தை அந்தம்மா பையில போடு."

"என்ன விலைக்கு?"

"விலை வேண்டாம்."

கத்தரிக்காய் பதறியது. "ஏய், கூறு கெட்டவளே! அவளுக்கு இனாம்னா ஊருக்கே இனாம். வாயும் போயிரும். விலை இல்லாததுக்கு மரியாதை ஏது? வாசத்தை எடுத்துக்கிட்டு உன்னை எச்சில் தட்டு ஓரத்துல ஒதுக்கி வச்சிருவாங்க!"

"வச்சா வச்சுட்டுப் போகட்டும். ரெண்டு வாய் உள்ள இறங்குச்சா, அது போதும்" என்றது கறிவேப்பிலை. அது பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

வெள்ளத்தாயி வீட்டுக்கு ஓடினாள். கலயத்தின் அடியில் ஒட்டியிருந்த எண்ணெயை வழித்துச் சட்டியில் விட்டு, கடுகு வெடித்ததும் கறிவேப்பிலையை உருவிப் போட்டாள். சடசடவென்று பொரிந்து வீடு முழுக்க மணத்தது. அதிலேயே கத்தரிக்காயைப் போட்டுக் குழம்பு வைத்தாள். சுருண்டு படுத்திருந்த சடச்சி தானாக எழுந்து வந்து உட்கார்ந்தாள். காலையில் காய்ச்சி வைத்திருந்த கூழைக் குழம்போடு ஒரு கலயம் குடித்தாள். இன்னொரு கலயம் கேட்டு வாங்கிக் குடித்தாள். வெள்ளத்தாயி கரண்டியும் கையுமாக நின்றபடியே அழுதாள், சிரிப்பும் வந்தது.

குடித்து முடித்த சடச்சி, குழம்பில் கிடந்த இலைகளை எடுத்துத் தட்டோரம் ஒதுக்கினாள். பாவம், அவளுக்கு ஒன்றும் தெரியாது.

"என்னைக் கறிவேப்பிலை மாதிரி ஒதுக்கிவிட்டார்களே" என்று மூக்கைச் சிந்துகிறவர்கள் இன்றைக்கும் உண்டு. கறிவேப்பிலை அதற்காக வருத்தப்பட்டதாக யாரும் சொல்லவில்லை.

அன்று முதல்தான், காய் வாங்கி முடித்தவர்கள் போகாமல் பையை விரித்துப் பிடித்தபடி கொஞ்சம் நிற்கிறார்கள். கடைக்காரரும் எதுவும் கேட்காமல் ஒரு கொத்துக் கறிவேப்பிலையை மேலே போட்டு அனுப்புகிறார்.