பெரிய டர்போவின் மரியாதை

நாமக்கல் லாரி அதிபர் நல்லுசாமி, தம் புது லாரியின் டீசல் எஞ்சினில் புகையின் வேகத்தில் சுழன்று எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போக்கள் இரண்டை, சிறியதும் பெரியதுமாக, பூட்டச் செய்தார். லாரியின் பூசை விழாவுக்கு விருந்தினர் எவரும் வருமுன்பே வந்து, முன்வரிசையில் தனியாக அமர்ந்து, சோதனையைக் கவனித்தார். கொஞ்சம் புகை கிடைத்ததுமே சிறிய டர்போ சுழன்றது. எஞ்சின் வேகம் பிடித்த பின்னரே பெரியது அசைந்தது.

"ஏப்பா அர்த்தனாரி, பொடிசு முந்துது, பெரியவரு பின்னால வர்றாரா? விழாவுக்குத் தலைமை தாங்க நகராட்சி சேர்மன் வர்றதுக்குள்ள மாத்து. இல்லைன்னா உனக்கு வேலை இல்லை!"

மெக்கானிக் அர்த்தனாரி கையைத் துடைத்துக்கொண்டார்.

"மாத்திடலாமுங்க முதலாளி. விழாவுக்கு முதல்ல வர்றது யாருங்க?"

"சேர் போடறவன்."

"கடைசியா?"

"சேர்மன். அவர் வந்தா எல்லாரும் எழுந்து நிப்பாங்க."

"நம்ம பெரிய டர்போ சேர்மனுங்களா, சேர் போடறவனுங்களா?"

"சேர்மன்தான்! அப்படியே இருக்கட்டும்" என்ற நல்லுசாமி, சுற்றிலும் பார்த்தார். மெக்கானிக்கைத் தவிர, அங்கே அவரும் சேர் போடுபவரும் மட்டுமே இருந்தனர். உடனே எழுந்து வெளியே ஓடி, சேர்மனுக்குப் பின் நுழைவதற்காகத் தெருமுனையில் ஒளிந்துகொண்டார்.

அடுத்த தெருவில், நல்லுசாமி முதலில் நுழையட்டும் என்று சேர்மன் காருக்குள் காத்திருந்தார்.

நல்ல நேரம் முடியப்போகவே, அர்த்தனாரியே தேங்காய் உடைத்து, எலுமிச்சம்பழத்தின்மீது லாரியை ஏற்றினார்.