கல்லில் நின்ற கால்

முன்னொரு காலத்தில், ஒரு குடம் மழைநீருக்கு ஒரு கறவை மாடு என்று விலை படிந்த நாடு ஒன்று இருந்தது. மாடு கொடுக்க ஆள் உண்டு; தண்ணீர் விற்கத்தான் ஆள் இல்லை.

அந்த நாட்டு ராஜாவுக்கு ஓர் ஆசை வந்தது. ஆஸ்தான ஜோசியர் வரதீசர் கணித்துச் சொன்னதைத் தன் வாக்காகக் கோட்டை வாசல் கல்லில் வெட்டச் சொன்னார்: ‘எம் நாட்டில் மழை பொய்யாது.’

வெட்டி இரண்டு வருஷம். ஒரு தூறல் இல்லை. கல்லை நம்பி வரி மட்டும் தவறாமல் வசூலானது. விதைநெல்லையும் அள்ளிப்போன பிறகு, மூக்கன் என்ற குடியானவன் சபைக்கு வந்தான்.

“மழை பொய்ச்சுப்போச்சு, சாமி. வெதநெல்லையாவது திருப்பிக் குடுங்க. ஒல வச்சு நாலு நாளாச்சு.”

வரதீசர் எழுந்தார். “பிரபு, தங்கள் வாக்கைப் பொய் என்கிறான்.”

ராஜாவின் முகம் கறுத்தது. “அதைச் சொல்ல நடந்தே வந்துவிட்டானா? பொழுது சாய்வதற்குள் என் வாக்கைப் பொய்யாக்கிய காலை வெட்டுங்கள்.”

“நம் விகடகவி கூத்தையனே வெட்டட்டும், பிரபு,” என்றார் வரதீசர். “ சிரிக்கவைத்தே சம்பளம் வாங்குகிறார். மறுத்தால் அவர் காலும் போகட்டும்.”

ராஜா தலையசைத்தார்.

கூத்தையன் கும்பிட்டார். “உத்தரவு. பொய்யாக்கிய கால் எதுவோ அதை வெட்டுகிறேன். பிறகு கல்லில் உள்ளபடி நடப்பீர்களா?”

“கல்லில் உள்ளதே என் வாக்கு. நடப்பேன்.”

சபையே வாசலுக்கு வந்தது. மூக்கன் கொதிக்கும் மண்ணில் காலை நீட்டி உட்கார்ந்தான்.

“எடது கால எடுத்துக்கங்க, சாமி. வலது காலு ஏத்தம் மிதிக்க வேணும்.”

“கிணத்துல தண்ணி ஏது, மூக்கா?” என்றார் கூத்தையன்.

மூக்கன் வலது காலை மட்டும் மடக்கிக்கொண்டான்.

கூத்தையன் கோடரியை ஓரமாக வைத்தார். உளியும் சுத்தியும் வாங்கிக் கல்லருகே போனார். ‘பொய்யாது’ என்ற சொல்லில், ‘பொ’வின் துணைக்காலை மட்டும் கொத்தி எடுத்தார். ‘எம் நாட்டில் மழை பெய்யாது’ என்று நின்றது கல்.

“பிரபு, ‘பெய்’யைப் ‘பொய்’யாக்கியது இந்தக் கால்தான். வெட்டியாயிற்று. இனி தங்கள் வாக்கு சத்தியம்.”

ராஜா கல்லைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். பிறகு சிரித்தார், தொண்டை வறண்ட சிரிப்பு.

“மழை பெய்யாத நாட்டில் வரி ஏது? நெல்லைத் திருப்பிக் கொடுங்கள். கூத்தையனுக்கு அரண்மனைக் கிணற்றிலிருந்து ஒரு குடம் தண்ணீர்.”

“வரதீசருக்கு?” என்றார் கூத்தையன்.

“அவர் கல்லடியில் உட்கார்ந்து மறுபடி கணிக்கட்டும்.”

குடத்தை மூக்கன் தலையில் ஏற்றிவிட்டுக் கூத்தையன் வெறுங்கையோடு வீட்டுக்கு நடந்தார்.

கூட்டிப் பார்த்தால் வெட்டியது ஒரு கால், தப்பியது இரண்டு, திரும்பியது மூன்று மூட்டை விதைநெல். மழை இன்னும் பாக்கி.