வாழைத்தண்டின் நாடி

பூவராகன் செருப்பைக் கழற்றும்போதே தில்லையம்மாவுக்குத் தெரிந்துவிட்டது, ஆள் பாதியாகிவிட்டார் என்று. சட்டை தோளில் நிற்கவில்லை. இடது மணிக்கட்டில் ஒரு வாட்ச். அதன் அடியில் பச்சை வெளிச்சம் விட்டுவிட்டு மின்னியது.

தில்லையம்மா வயதில் அவரைவிட ரொம்பச் சின்னவர். மூடிப்போன எண்ணெய் ஆலைக்குப் பின்னால் இரண்டு அறையில் இருக்கிறார். மதியம் யார் போனாலும் சாப்பாடு உண்டு. உபதேசம் கேட்டால்தான் கொஞ்சம் கஷ்டம். ஆனாலும் பூவராகன் ஏழெட்டு வருஷமாக அவரிடம்தான் எதையும் கேட்டுக்கொள்கிறார். குருவுக்கு நரை இருந்தே ஆக வேண்டும் என்று யார் சொன்னது?

வந்தவர் சுவரோரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார்.

போன தை மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் அவருடைய அண்ணன் இலையிலேயே சாய்ந்துவிட்டார். பக்கத்து இலையில் பூவராகன். அண்ணனுக்கு அப்போது ஐம்பத்திரண்டு. இந்த ஆவணியில் தம்பிக்கும் அதே வயது வந்துவிட்டது.

அந்தப் பந்தியிலிருந்து எழுந்தவர், அதற்குப் பிறகு ஒரு வேளைகூட வயிறாரச் சாப்பிடவில்லை. காலையில் வாழைத்தண்டு ஜூஸ், ராத்திரி அரைச் சப்பாத்தி. நடுவில் கூடத்தில் பாய் விரித்து, டிவியில் ஒரு பெண் சொல்லச் சொல்லக் குதிப்பார். முந்நூறு கலோரி எரிந்தது என்று வாட்ச் காட்டும்வரை குதிப்பார். முந்நூறு ஆகிவிட்டால் அன்றைக்கு எமன் வரமாட்டான் என்று அவராகவே ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தார். எமனுக்கு இது தெரியுமோ என்னவோ. மனைவி குமுதா எதிரில் தட்டோடு உட்கார்ந்து உட்கார்ந்து பார்த்தாள். இப்போதெல்லாம் அடுப்படியில் நின்றபடியே சாப்பிட்டுவிடுகிறாள்.

இதைச் சொல்ல அவர் வரவில்லை. அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லத்தான் வந்தார்.

போன வாரம் அவருக்கு நல்ல காய்ச்சல். காலையிலிருந்து சோபாவில் படுத்தே கிடந்தார். அடுப்படியில் இருந்த குமுதாவுக்குக் கூடத்தில் தொம் தொம் என்று குதிக்கிற சத்தம் கேட்டது. காய்ச்சலோடு இது என்ன கூத்து என்று கரண்டியும் கையுமாக ஓடிவந்தாள். அவர் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். பாய் மூலையில் சுருட்டி வைத்தபடியே இருந்தது. சத்தம் மட்டும் நிற்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து, ஃபேன் ஆடுகிறது, மெதுவாகக் குதிக்கச் சொல்லுங்கள் என்று வழக்கம்போல் குறைப்பட்டுக்கொண்டு போனார். குமுதா கணவரின் கையைத் தூக்கி வாட்சைப் பார்த்தாள். முந்நூறு.

அன்றைக்கு ஆரம்பித்தது. அவர் எப்போது உட்கார்ந்தாலும் கூடத்தில் சத்தம் கேட்கிறது. கலோரி ஏறுகிறது.

"அம்மா, என் வீட்டுல குதிக்கிறது யாரு?"

தில்லையம்மா வாழைத்தண்டின் மேல்பட்டையை உரித்துக்கொண்டிருந்தார். உரித்து முடித்துவிட்டுக் கையை நீட்டினார்.

"அந்த வாட்சைக் கழட்டுங்க."

பூவராகன் தயங்கினார். குளிக்கும்போதுகூட அவர் அதைக் கழற்றுவதில்லை. கழற்றியதும் அந்த இடம் மட்டும் வெளிறிப்போய்த் தெரிந்தது.

அம்மா அதை வாங்கி வாழைத்தண்டில் கட்டினார். உரித்த தண்டு இரத்தமில்லாத மணிக்கட்டு மாதிரி இருந்தது. பூவராகன் எந்த ஓட்டையில் மாட்டியிருந்தாரோ அதே ஓட்டையில் வாட்ச் கச்சிதமாகப் பொருந்தியது.

பச்சை வெளிச்சம் கொஞ்ச நேரம் எதையோ தேடியது. பிறகு எண் வந்தது. நாடி எழுபத்திரண்டு. அதன் கீழே கலோரி ஒவ்வொன்றாக ஏறத் தொடங்கியது.

அம்மா அரிவாள்மனையை அவர் பக்கம் தள்ளினார்.

"நறுக்குங்க. உலை கொதிக்குது."

பூவராகன் தண்டைக் கையில் எடுத்தார். சில்லென்று இருந்தது. உள்ளே ஏதோ அடித்துக்கொள்வது போலவும் இருந்தது. அது தண்டா, தன் விரலா என்று அவருக்குப் புரியவில்லை. கீழே வைத்துவிட்டார்.

"முடியலம்மா. நாடி ஓடுது."

"தண்டுக்கு ஏதுங்க நாடி?"

"வாட்ச் காட்டுதே."

அம்மா தண்டை எடுத்துக்கொண்டார். வட்டம் வட்டமாக அரிந்து, நாரை விரலில் சுற்றி எடுத்து, வில்லைகளை மோரில் போட்டார். பூவராகன் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். தண்டு குறையக் குறைய எண் குறையவில்லை. எழுபத்திரண்டிலேயே நின்றது. வாட்ச் கட்டிய துண்டு மட்டும் மிஞ்சியதும், அம்மா அதை உள்ளறையில் கொண்டுபோய் வைத்துக் கதவைச் சாத்தினார்.

அடுப்பில் கூட்டு வேகும்போது கேட்டார்:

"உங்க அண்ணன் கடைசியா என்ன சாப்பிட்டாரு?"

"பால் பாயசம். இன்னும் கொஞ்சம் ஊத்தச் சொன்னாரு. ஊத்துறதுக்குள்ள…"

"பிடிச்சிருந்துச்சா அவருக்கு?"

பூவராகன் யோசித்தார்.

"'நல்லாருக்குடா, நீயும் வாங்கிக்கோ'ன்னு சொன்னாரு."

சொன்ன பிறகுதான் அது அவருக்கே நினைவு வந்தது. இத்தனை மாதம் அண்ணன் சாய்ந்தது மட்டும்தான் ஞாபகத்தில் இருந்தது. துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அண்ணன் செத்த அன்றுகூட அவர் இப்படி அழவில்லை. அம்மா அழவிட்டார்.

பிறகு இலை போட்டார். சோறு, வாழைத்தண்டுக் கூட்டு, வத்தக் குழம்பு. பூவராகன் பிசைந்து முதல் கவளத்தை எடுத்தார்.

உள்ளறையில் தொம் என்றது.

அந்த அறைக்கு வேறு வழி கிடையாது. ஒரு சின்ன ஜன்னல், அதிலும் கம்பி. மறுபடி தொம். மறுபடி. டம்ளரில் தண்ணீர் வட்டம் போட்டது. கவளம் வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது. அவர் அம்மாவைப் பார்த்தார்.

அம்மாவுக்கும் கேட்டது. சோற்றுக் கரண்டி ஒரு கணம் அந்தரத்தில் நின்றதில் அது தெரிந்தது. கதவின் பக்கம் ஒரு முறை பார்த்தார். எழுந்து போய்த் திறக்கவில்லை.

இலையில் இன்னும் ஒரு கரண்டி சோறு வைத்தார்.

"அது குதிக்கட்டும். நீங்க சாப்பிடுங்க."